கைக்குத் தெரியாத நிறம்

பால் குடித்துக்கொண்டிருந்தவன் மறுபடியும் தூங்கிவிட்டான். முத்துப்பேச்சி அவன் காதுமடலை மெல்லத் திருகினாள், உள்ளங்காலை நகத்தால் வருடினாள், கன்னத்தை ஒற்றை விரலால் தட்டினாள். உதடு லேசாக அசைந்தது, சப்புக்கொட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான், தலை அவள் முழங்கை மடிப்பில் கனத்துச் சாய்ந்துவிட்டது. நேற்று இப்படியா இருந்தான், நேற்று வாயை வைத்தால் அட்டை மாதிரி அல்லவா பிடித்துக்கொண்டு இழுத்தான், வலி தாங்காமல் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்திருந்தாளே, அந்த வலி வராதா என்று இப்போது ஏங்குகிறாள், இப்படியும் ஒரு பிழைப்பு. தூக்கம்தான், பச்சைப்பிள்ளை தூங்காமல் பின்னே ஆபீசுக்கா போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் நர்ஸம்மா வந்துவிட்டாள். வாசலில் இல்லை, காதுக்குள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய அன்று சொன்னதை அதே வேகத்தில் மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். “ரெண்டு மூணு நாள்ல லேசா மஞ்சள் தெரியும்மா, அது நெறையப் பிள்ளைக்கு உள்ளதுதான். ஆனா கண்ணு வெள்ளையில தெரிஞ்சாலோ, நெஞ்சு, வயிறுன்னு கீழ எறங்கினாலோ, சரியா பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தாலோ தூக்கிட்டு வந்துரணும். நெத்தியில வெரல வச்சு ஒரு அமுக்கு அமுக்கி எடுத்துப் பாருங்க, தெரிஞ்சுரும்.” அங்கே அவள் நின்றுவிட்டாள். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். “யாரையாவது பாக்கச் சொல்லுங்க” என்று மீதியை வேறு பக்கம் திரும்பிச் சொன்னாள். அவள் முகம் திரும்பியது பேச்சிக்குக் கேட்டது. அந்தப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் தெரியும், அங்கே இருந்தது புருஷனின் அக்கா தங்கபுஷ்பம் மதினி.

யாரையாவது என்றால் இப்போது யாரை? வீட்டில் ஆள் இல்லை. அம்மா முதல் பஸ்ஸுக்கே கடையத்துக்குத் துட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். கூடப்பிறந்த மாதிரி வளர்ந்த பெரியப்பா மகன் செத்துக் கிடக்கும்போது, மகள் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி இங்கேயே இருந்துவிட முடியாது. போகும் முன் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்து, “நல்லாத்தான் இருக்கான், நம்ம நெறத்துக்குத்தான் வருவான்” என்று அவள் மடியில் போட்டுவிட்டு, வாசலில் நின்று “பாத்துக்கட்டி” என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை “பாத்துக்க” என்றாள். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பால்காரர் சொன்னார், அடுத்த வீட்டு டெய்லரம்மா சொன்னாள், புருஷன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். பார்க்க முடியாதவளிடம் பார்த்துக்கொள் என்கிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை, தோன்றவும் வேண்டியதில்லை, பேச்சியே நாள் பூராவும் அதைத்தானே சொல்கிறாள். குழம்பைக் குடிச்சுப் பாத்தேன், கதவத் தட்டிப் பாத்தேன், அழுது பாத்தேன், கேட்டுப் பாத்தேன். தமிழில் எதைச் செய்தாலும் கூடவே ஒரு பார்வையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறாள். அந்த வார்த்தை மேல் அவளுக்குக் கோபம் வந்ததே கிடையாது, இன்றைக்குத்தான் வருகிறது. வார்த்தை மேல் கோபப்பட்டு என்ன செய்ய, கோபப்பட வேண்டிய ஆள் கூட்டுறவுச் சங்கத்தில் டெலிபோனை எடுத்து வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான். புருஷன் சங்கரபாண்டிக்கு இடது கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் பார்வை மிச்சம். பஸ் வருவது தெரியும், எந்த ஊர் பஸ் என்று தெரியாது. ஆள் நிற்பது தெரியும், ஆணா பெண்ணா என்பது வாயைத் திறந்தால்தான். ஆனால் பாத்தேன் என்கிற சொல் அவனுக்கு வெல்லக்கட்டி. கல்யாணமான புதிதில் ஒரு நாள் “பாத்தேன், சேலை எடுப்பா இருக்கு” என்றான், அன்றைக்கு அவள் சேலையை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு போயிருந்தாள் என்பது பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் சொல்லித்தான் தெரிந்தது. சிரித்துக்கொண்டாள், அவனிடம் சொல்லவில்லை. ஒரு சேலைக்காக ஆண்பிள்ளையின் பெருமையை உடைப்பானேன். இன்று காலையில் அவன் பிள்ளையை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனான், மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி குனிந்திருப்பான், வந்து கொடுத்துவிட்டு, “பாத்தேன், ஒண்ணுமில்ல, ஜம்முனு இருக்கான்” என்றான். புள்ள கண்ணத் தொறந்தானா என்று கேட்க அவள் வாய்வரை வந்துவிட்டது. கேட்டால் புருஷன் கண்ணை எடைபோட்ட மாதிரி ஆகிவிடும். விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது இப்போது நெஞ்சுக்குழியில் நிற்கிறது.

கீழே விரித்திருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருக்கிறது. அம்மா போன பிறகு ஒரே ஒரு துணிதான் நனைந்தது, அதுவும் கொஞ்சமாக. நேற்றெல்லாம் மாற்றி மாளவில்லை, கொடியில் இடம் போதாமல் நாற்காலி முதுகில் எல்லாம் போட்டார்கள். குடித்தால்தானே போவான். குடிக்கத்தான் மாட்டேன் என்கிறானே. குடிக்காததால் தூங்குகிறானா, தூங்குவதால் குடிக்கவில்லையா, இதில் எது முதல் என்று பிடிபட்டுவிட்டால் பாதி உயிர் வந்துவிடும் போல இருந்தது. மஞ்சள் வந்திருந்தால் நோய், வராமல் இருந்தால் வெறும் தூக்கம். ஆகக்கூடி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்து முட்டுகிறது. பேச்சி தமிழ் டீச்சர். ஆறாம் வகுப்புக்குப் பண்புப்பெயர் நடத்தும்போது நிறம், சுவை, வடிவம், அளவு என்று அவள் வரிசையாகச் சொன்னால் பின்பெஞ்சுவரைக்கும் சத்தம் அடங்கியிருக்கும். நிறத்துக்கு உதாரணம் கேட்டால் பிள்ளைகள் முதலில் கத்துவது மஞ்சள்தான். அவளும் சரி என்பாள். அவளுடைய மஞ்சள் என்பது கல்லில் உரைத்த கிழங்கின் வாசம், புதுத் தாலிக்கயிற்றின் சொரசொரப்பு, பொங்கல் பானைக் கழுத்தில் கட்டிய கொத்தின் இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறுகிற காரம். எல்லாம் நல்ல காரியங்கள். அது ஒரு பிள்ளையின் கண்ணுக்குள் போய் உட்காரும் என்று எந்த இலக்கணத்திலும் இல்லை. சீக்காளியைக் கவனிப்பது அவளுக்குப் புதிதா என்ன. பாளையங்கோட்டையில் விடுதியில் படிக்கும்போது கூடப் படித்த செல்வராணிக்கு அம்மை போட்டது, இருட்டில் அவள் முதுகைச் சொறியச் சொன்னபோது பேச்சியின் விரல்நுனியில்தான் முதல் முத்து தட்டுப்பட்டது. வேப்பிலையை விரித்ததும், இளநீரை வாயில் ஊற்றியதும், தூக்கத்தில் சொறிந்துவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய இருந்ததும் எல்லாம் கண் தெரியாத பிள்ளைகள்தான். காய்ச்சல் கைக்குச் சுடும். வீக்கம் கைக்குத் தட்டும். சளி என்றால் காது சொல்லிவிடும், செரிக்கவில்லை என்றால் மூக்கு. வருகிற நோய் எதுவாக இருந்தாலும் ஏதாவது ஒரு கதவைத் தட்டிவிட்டுத்தான் வரும். இந்தப் பாழாய்ப்போன மஞ்சளுக்கு மட்டும் சூடு இல்லை, கனம் இல்லை, சத்தம் இல்லை. தோல் மேலே சும்மா கிடக்குமாம். கண் இருக்கிறவர்கள் போகிற போக்கில் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்களாம்.

அவள் பிள்ளையைத் தொட்டிலில் போடாமல் பாயில் கிடத்திப் பக்கத்தில் தலையணையை அணைகட்டி வைத்துவிட்டு எழுந்தாள். தொண்டை வறண்டு போயிருந்தது. தையல் போட்ட இடம் சுருக்கென்றது. பிளாஸ்க்கில் பால் இருக்கு, மஞ்சப்பொடியும் நல்லமிளகும் போட்டுக் குடி, உள்புண்ணு ஆறும் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அஞ்சறைப்பெட்டியின் நடுக்கிண்ணத்தில் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் விட்டு ஒரு சிட்டிகை எடுத்தாள், அவள் சமையலுக்குக் கரண்டி கிடையாது, அளவெல்லாம் அந்த இரண்டு விரலில்தான். குடிக்கும்போதே காது பாயில் இருந்தது. மூச்சு கேட்கிறதா. தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் ஒலிபெருக்கியில் ஏலம் விட்டுக்கொண்டு போனான், அவன் முக்கு திரும்புகிற வரை ஒன்றும் கேட்கவில்லை, டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள், ஓடினாள் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். மூச்சு இருந்தது. ஈரத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்தால் எழுந்துவிடுவான் என்று துடைத்தாள். முகத்தைச் சுளித்தான், அழக்கூட இல்லை. நர்ஸம்மா சொன்ன மாதிரி நெற்றியில் பெருவிரலை வைத்து அமுக்கி எடுத்தாள். என்ன தெரிந்தது, நெற்றி தெரிந்தது. மூக்கு நுனியில் அமுக்கினாள், கன்னத்தில், தாடையில், நெஞ்செலும்புக்கு மேலே. ஏதாவது ஒரு இடத்தில் தோல் வேறு மாதிரி இருக்காதா, கொஞ்சம் தடித்தோ கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்காகவோ, தெய்வம் அவளுக்கென்று ஒரு அடையாளம் வைத்திருக்காதா. எல்லா இடமும் ஒரே பூவாகத்தான் இருந்தது. போனில் நிறம் சொல்கிற செயலி ஒன்று இருக்கிறது, தக்காளி பழுத்ததா என்று பார்க்கவும் சேலைக்கு ஜாக்கெட் தேடவும் உதவும். அதை நெற்றிக்கு நேரே பிடித்தாள். “பழுப்பு” என்றது. கன்னத்துக்குப் பிடித்தாள். “அடர் பழுப்பு.” ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிடித்தாள். “ஆரஞ்சு” என்றது. ஆரஞ்சா. ஆரஞ்சு என்றால் மஞ்சளுக்குப் பக்கத்து வீடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு தடவை பிடித்தாள். “சாம்பல்” என்றது அது, கூச்சமே இல்லாமல். அதே பிள்ளை, அதே கன்னம். காலையில் எடுத்த போட்டோவைத் தன்னோடு வேலை பார்க்கிற எமிலி டீச்சருக்கு அனுப்பி, புள்ள எப்படி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க என்று கேட்டிருந்தாள், பதில் இப்போது வந்திருந்தது, போன் அதை வாசித்தது. “சிவப்பு இதயம், சிவப்பு இதயம், சிவப்பு இதயம், அழகு டீச்சர்.” பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிள்ளையைப் பார்த்துச் சொல்லு என்றால் எவளும் அழகைத்தான் பார்ப்பாள். மஞ்சளா இருக்கா என்று நேராகக் கேட்க வேண்டியதுதானே? கேட்டால் ஸ்டாப் ரூம் பூராவும் தெரியும், பாத்தியா, கண்ணு தெரியாத பொம்பள புள்ளப் பெத்துட்டு என்ன பாடு படுதா என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு அவள் காதுக்குப் புதிதில்லை. வயிற்றில் இருக்கும்போதே வந்த பேச்சுதான்.

குனிந்து அவன் நெற்றியை முகர்ந்தாள். மஞ்சள் வாசம் அடித்தது. வந்துவிட்டது, வந்துவிட்டது, மூக்குக்கே தெரிகிற அளவுக்கு ஏறிவிட்டது என்று நெஞ்சு படபடத்தது, அடுத்த நொடி, கோட்டிக்காரி, நோய்க்கு ஏதுடி வாசம், நீ குடித்த பாலின் வாசம் உன் வாயிலிருந்து அடிக்கிறது என்று தன்னையே வைதாள். வைதும் படபடப்பு இறங்கவில்லை. சங்கரபாண்டிக்குப் போன் போட்டாள். “பேச்சி, நான்தான் காலையிலேயே பாத்தேம்லா” என்றான். பின்னால் இன்னொரு டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. “பால் குடிக்க மாட்டேங்கான். தூங்கிட்டே இருக்கான்.” “புள்ளைன்னா தூங்கத்தான் செய்யும். அக்கா இப்ப வந்துருவா, அவகிட்டக் காட்டு.” அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், அவகிட்டக் காட்டு என்று. அக்கா எதற்கு வருகிறாள் என்பது அவனுக்குத் தெரியாதா. ஆஸ்பத்திரியில் வைத்தே தங்கபுஷ்பம் மதினி பேச்சை எடுத்துவிட்டாள், “ரெண்டு வருசம் நான் வச்சு வளத்து, நடக்கப் பழகினதும் கொண்டாந்து விட்டுருதேன். ஒனக்கும் லீவு முடிஞ்சா வேலைக்குப் போகணும், ஒங்க அம்மைக்கும் வயசாயிட்டு. இதுல கௌரவம் பாக்கக் கூடாதுட்டி” என்று. கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் கஷ்டம், கெட்ட எண்ணமாக இருந்தால் வாயாடி ஜெயித்துவிடலாம். பேச்சி அங்கேயே புருஷனின் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவன் “யோசிப்போம்” என்றான். மாட்டோம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, யோசிப்போம் என்றான். அந்த யோசனைக்கு இன்றைக்குப் பதில் கேட்கத்தான் மதினி வருகிறாள். அவளிடம் போய், புள்ள மஞ்சளா இருக்கானா பாருங்க மதினி, எனக்குத் தெரியல என்று சொல்வதும் பிள்ளையைத் துணியோடு சுற்றி அவள் கையில் கொடுப்பதும் ஒன்றுதான். எனக்குத் தெரியல என்ற அந்த ஒரு வார்த்தை போதும், அதற்கப்புறம் யாரும் எதையும் வாதாட வேண்டியதில்லை.

சொல்லாவிட்டால்? சொல்லாமல் இருந்து, மதினி வந்து பலகாரத்தை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்து, அவள் கண்ணிலும் படாமல், ராத்திரியும் போய், நாளைக்கு... நினைப்பு அங்கே போனதும் அவளே அதன் வாலைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. அவளுக்குச் சின்ன வயசில் தம்பி மாரிச்செல்வம் ஒரு நாள் சத்தமில்லாமல் போனது நினைவுக்கு வந்தது. அம்மா வயலுக்குப் போனால் அவன் அவள் இடுப்பில்தான் இருப்பான், இறங்கி ஓட ஆரம்பித்த பிறகு அவன் சத்தத்தில் இருப்பான், கல்லைத் தட்டுவான், கோழியை விரட்டுவான், அவளுக்கு அது போதும். அன்றைக்குச் சத்தம் நின்றது. கிணற்றடிக்கு ஓடி கையை விட்டுத் தண்ணீரைத் துழாவினாள், கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுமா என்ன, வெறும் காற்றைத் துழாவினாள், கத்தினாள், தெரு கூடிவிட்டது. பயல் நெல்லுக் குதிருக்குப் பின்னால் சாக்கில் தூங்கிக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவன் தென்காசி பஸ்ஸில் கண்டக்டர், வாய் ஓயாது. எல்லாம் சரிதான், ஆனால் அன்றைக்குத் துழாவிய காற்று இந்தக் கைக்கு மறக்கவில்லை. பிள்ளைகள் சத்தம் போட வேண்டும். இவன் சத்தம் போட மாட்டேன் என்கிறான். ஆட்டோவைக் கூப்பிட்டு நாமே போய்விட்டால் என்ன? தையலோடு, ஒரு கையில் பிள்ளையோடு, இன்னொரு கையில் குச்சியோடு, போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை என்பார்கள், பயந்தாங்கொள்ளி என்று பெயர். ஒன்று இருந்தால், இவ்வளவு நேரம் என்ன செய்தாள் என்று பெயர். எப்படிப் போனாலும் அவளுக்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது. போனால் போகட்டும், எந்தப் பெயராவது வைத்துக்கொள்ளட்டும், இவன் கண்ணைத் திறந்தால் போதும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே போனை எடுத்தாள், ஆட்டோக்கார அண்ணனின் நம்பரைத் தேடச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட் திறந்தது. செருப்பை உதறிக் கழற்றுகிற அந்தச் சத்தம் மதினியுடையதுதான்.

“என்னட்டி, கதவு தொறந்து கெடக்கு. ஒங்க அம்மை வரலியா இன்னும்?” தங்கபுஷ்பம் உள்ளே வந்து பையைச் சுவரோரம் வைத்தாள், வெயிலும் மல்லிகைப்பூவும் சேர்ந்து மணத்தது. “எங்கன ராசா, அத்தை வந்திருக்கேன், தூங்குதாவளா?”

“மதினி,” என்றாள் பேச்சி. எழுந்திருக்கவில்லை, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. “புள்ள மஞ்சளா இருக்கானா பாருங்க. எனக்குத் தெரியல.”

சொல்லிவிட்டாள். உலகம் இடிந்து விழவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மதினி குனிந்து பிள்ளையை எடுத்தாள், வளையல் சத்தம் ஜன்னலை நோக்கிப் போனது. அங்கேயே நின்றது.

“ஏட்டி,” என்றாள் மதினி கடைசியில், குரல் ஒரு மாதிரி இருந்தது. “இது என்னது, மூஞ்சி பூரா பொட்டுப் பொட்டா மஞ்சளா இருக்கு? நெத்தியில, மூக்குல, நெஞ்சுல... இது நோயா, வேற என்னமுமா?”

பொட்டுப் பொட்டாகவா. பேச்சிக்கு முதலில் புரியவில்லை. பிறகு தன் வலது கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும். சிட்டிகை. எங்கெல்லாம் அமுக்கிப் பார்த்தாளோ அங்கெல்லாம், ஈரமுகத்தில், தானே மஞ்சளை ஒற்றி வைத்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. “அது என் கை மதினி. பால்ல மஞ்சப்பொடி போட்டேன். அமுக்கி அமுக்கிப் பாத்தேன், கை அலம்பல. தொடச்சுப் பாருங்க, தொடச்சிட்டுப் பாருங்க.”

மதினி துணியை நனைத்துத் துடைத்தாள். சோப்பு எங்கே என்று கேட்டாள், வேண்டாம், வெந்நீர் போதும் என்று தானே சொன்னாள். துடைத்துவிட்டு வாசல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள், பேச்சியும் பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். இப்போது சொல்லிவிடுவாள். கண் இருக்கிறது, வெயில் இருக்கிறது, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள், இனி என்ன தடை, சொல்ல வேண்டியதுதான்.

“எனக்குத் தெரியலியேட்டி,” என்றாள் தங்கபுஷ்பம்.

“பாத்தா தெரியும்னு சொன்னாவளே.”

“நம்ம நெறத்துல என்னத்தத் தெரியும்? மஞ்சப்பொடி கறை இன்னும் இருக்கா, இல்ல தோலே அப்படியான்னு... கண்ணுல பாக்கலாம்னா தொறக்க மாட்டேங்கான். நான் எமைய விரிச்சுப் பாக்கவா? பூ மாதிரி இருக்கு, எனக்குக் கை வரல. எம் பிள்ளைகளையெல்லாம் எங்க அத்தைதான் பாத்தா. இந்த வயசுல நான் தூக்கினதே இல்ல.”

பேச்சி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்டது மதினியின் மூச்சு, மேலும் கீழுமாக. இவ்வளவு நேரமும் கண் இருக்கிற எவர் கையில் கொடுத்தாலும் விடை வந்துவிடும் என்று அவள் மலைபோல நம்பியிருந்தாள், அந்த மலை இப்போது வாசலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. வேடிக்கைதான், அவளுக்குப் பயம் குறையவில்லை, ஆனால் பயத்துக்கு நடுவில் கால் தரையில் பட்டது. “மதினி, வெயில் ஏறினதுல இருந்து சரியா பால் குடிக்கல. ரெண்டு வாய் இழுத்துட்டு வுட்டுருதான். ஒரே ஒரு துணிதான் நனைச்சிருக்கான், அதுவும் கொஞ்சூண்டு. நேத்து அழுத அழுகை வேற, இன்னைக்கு அழுகையே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் ஆட்டோ கூப்பிடுதேன்.”

“சரிட்டி. நீ புடி, நீயே புடி,” என்று தங்கபுஷ்பம் பிள்ளையை அவள் கையில் வைத்தாள். “என் கை ஆடுது.”

ஆட்டோ மேட்டுத்திடலைத் தாண்டி வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் மதினி “மெல்லப் போங்கய்யா” என்றாள், வேகத்தடை இல்லாத இடத்திலும் சொன்னாள். நடுவே அவள் கேட்டது ஒரே கேள்விதான். “மூச்சு விடுதானாட்டி?” பேச்சி விரலைப் பிள்ளையின் மூக்கடியில் வைத்திருந்தாள். விடுதான் என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். விடுதான் மதினி என்றாள் மறுபடியும். மனசு அது பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, காலையிலேயே கிளம்பியிருந்தால், அவன் பாத்தேன் என்றபோதே கேட்டிருந்தால், நேராக எமிலியிடம் சொல்லியிருந்தால் என்று, ஓடுகிற மனசை நிறுத்த முடியவில்லை, விரலை மட்டும் அவள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டெட்டால் வாசமும் ஏசிக் குளிரும் முகத்தில் அடித்தன. ஒரு நர்ஸ் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள், இது வேறு நர்ஸ், சின்னக் குரல். “எப்பம்மா கடைசியா நல்லா பால் குடிச்சான்? யூரின் எத்தனை தடவை போனான்?” என்று அவள் கேட்டது மதினியின் பக்கம் பார்த்து, வழக்கம்போல. பேச்சிக்கு அது பழகிய கோணம்தான், கடையில் மீதிச் சில்லறைகூட அந்தக் கோணத்தில்தான் போகும். பதில் அவளிடம்தான் இருந்தது, ஆனால் வாயைத் திறக்க ஒரு கணம் தயங்கினாள், ஏனென்றால் அந்தக் கணத்தில் மதினி என்ன சொல்லப்போகிறாள் என்பதில்தான் அவளுடைய இரண்டு வருஷமும் நின்றது.

“எங்கிட்ட கேட்டா எனக்கு என்ன தெரியும்?” என்றாள் தங்கபுஷ்பம். “அவதான் அம்மை. அவகிட்ட கேளுங்க.”

பேச்சி சொன்னாள். காலையில் குடித்தது, வெயில் ஏறினதிலிருந்து குடிக்காதது, உறிஞ்சுகிற பலம் குறைந்த விதம், துணி எவ்வளவு நனைந்தது, அழுகை எந்தச் சத்தத்திலிருந்து எந்தச் சத்தத்துக்கு இறங்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டாள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது பிள்ளை வீறிட்டு அழுதான், ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற அழுகை, பேச்சி அதைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து அழுதாள். டாக்டர் வந்து, மஞ்சள் கூடுதலாகத்தான் இருக்கிறது, வெளிச்சத்துக்கு அடியில் வைத்தால் இறங்கும், பாலை விடாமல் கொடுக்க வேண்டும், குடிக்காவிட்டால் பீய்ச்சிச் சங்கில் ஊற்ற வேண்டும், ரத்தத்தை நாளைக்கு மறுபடி பார்த்தால்தான் மேலே சொல்ல முடியும் என்றார். நாளைக்கு வரை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, அதை யாரும் சொல்ல முடியாது. சங்கரபாண்டிக்கு மதினியே போன் போட்டாள். “நீ என்னலே பாத்த?” என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, இவள் அதற்கப்புறம் திட்டவில்லை, “சரி அழாத, வா” என்று வைத்துவிட்டாள்.

வெளிச்சம் இருக்கிற அறைக்கு இரண்டு பேரையும் விட்டார்கள். பேச்சிக்கு அது ஒரு மெஷின் இரைச்சல், அவ்வளவுதான். மதினி அவள் தோளைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பிள்ளையை வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள், நிறுத்தியவள் தோளை விடவில்லை.

“கண்ணக் கட்டி வச்சிருக்காவட்டி,” என்றாள். “வெளிச்சம் கண்ணுல படக்கூடாதாம். வெள்ளைத்துணி வச்சு ரெண்டு கண்ணையும் மூடி ஒட்டியிருக்காவ.” அவள் குரல் உடைந்தது. “ஒண்ணும் தெரியாம கையையும் காலையும் போட்டுத் தொழாவுதான். இருட்டுல பயந்துருவாம்ட்டி, பச்ச மண்ணு.”

பேச்சி பெட்டியின் விளிம்பைத் தடவினாள், பக்கத்தில் கை நுழைகிற வட்டத்தைக் கண்டுபிடித்தாள். இங்கே நர்ஸ் சொன்னபடி சோப்புப் போட்டுக் கழுவிய கையை உள்ளே விட்டு, துழாவிக்கொண்டிருந்த நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின.

“பயப்பட மாட்டான் மதினி,” என்றாள். “அங்க எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும்லா.”

தங்கபுஷ்பம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கேயோ போனாள், ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது, அதைப் பேச்சியின் முழங்காலுக்குப் பின்னால் போட்டு அவளை உட்கார வைத்தாள்.